பருப்புக்குப் போட்ட தார்ப்பாய்

மளிகைச் சாமானை மூட்டையாக வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டால் அதற்கப்புறம் மனிதனுக்குக் கவலையே இருக்காது என்று நான் நம்பினேன். விவரம் தெரியாத வயதில் நம்பியதல்ல. பாதி முடி உதிர்ந்து, மீதி நரைத்து, கண்ணாடி போடாமல் பஸ்ஸின் ஊர்ப்பெயர் தெரியாத வயதில் நம்பியது. அரைக்கிலோ, கால்கிலோ என்று வாங்குகிறவன்தான் நாளைக்கு என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருப்பான், மூட்டையாக வைத்திருக்கிறவன் காலை நீட்டிப் படுக்கலாம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடம் இன்னும் விளக்கமாகச் சொன்னேன்.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வீடு ஆமத்தூரில். போர்மேன் என்றால் பெரிய வேலை என்று என் மாமனார் நினைத்துத்தான் பெண் கொடுத்தார். உண்மையில் அது பயப்படுகிற வேலை. எல்லாரும் சாதாரணமாக இருக்கும்போது நான் ஒருத்தன் பயப்பட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் ஆள் கூடினால் பயப்பட வேண்டும். வெடிமருந்து தேவைக்கு மேல் கலந்திருந்தால் பயப்பட வேண்டும். வானம் இருட்டினால் பயப்பட வேண்டும், வெயில் கூடினாலும் பயப்பட வேண்டும். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, எதையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள், ஈரம் பட விடாதீர்கள், சூடு தெரிந்தால் எடுத்துப் பார்க்காதீர்கள், கேள்வி கேட்காமல் வெளியே ஓடுங்கள் என்று தினமும் ஒரே பாட்டைப் பாடுவேன். பெண்கள் கொட்டாவி விடுவார்கள். அவர்களுக்கு அது மனப்பாடம். சில நாள் நான் மறந்துபோய் நிறுத்தினால் அடுத்த வரியை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

தீபாவளி வந்துவிட்டால் எங்கள் பக்கம் சீசன் முடிந்தது. போனஸைக் கொடுத்துக் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி பூஜை போட்டுத் திறந்து, முதல் கூலி கைக்கு வருகிற வரைக்கும் ஊரே சும்மா உட்கார்ந்திருக்கும். வெளியே அடைமழை, உள்ளே அடுப்பு மட்டும் வேலை செய்யும். போனஸ் துணியாகவும் கறியாகவும் செருப்பாகவும் கரைந்த பிறகு, தெருமுனைக் கடையில் கால்கிலோ பருப்புக்குக் கடன் சொல்லி நிற்பது வருஷாவருஷம் நடக்கிற காரியம். கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் கடன் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் தொங்குகிற ஷாம்பு சரத்தைப் பார்த்தே பேச வேண்டியிருக்கும். எங்கள் தெருவில் நெருங்கிப் பழகுவது நாலு வீடு, எங்களதும் சேர்த்து. எல்லாமே பட்டாசை நம்பிய வீடுகள். பக்கத்து வீட்டு மதினி, கம்பெனியில் பாக்கிங் செய்கிறவர். அவர் வீட்டில் மூன்று பேர் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். எதிர்வீட்டு மாப்பிள்ளை லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பட்டாசுப் பெட்டி இல்லாவிட்டால் அவன் வண்டிக்கும் லோடு இல்லை. கடைசி வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அந்த வருஷம் இந்த நாலு வீடும் யாரிடமும் கடன் சொல்லாமல் பூட்டிய நாட்களைக் கடந்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டேன். போனஸ் கரைவதற்கு முன்னால் விருதுநகர் போய் மொத்த விலைக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் மிளகாய் வத்தலும் வாங்கி வந்துவிட வேண்டியது. நம்ம வீட்டு முன்னறையில் அடுக்கிவைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற பழைய சாமான் தீர்ந்ததும் பிரித்துக்கொள்ள வேண்டியது.

முன்னறை என்றதும் என் மனைவி முகம் மாறியது. வீட்டில் ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிற ஒரே அறை அது. டிவி அங்கேதான் இருந்தது, சாமி படமும் அங்கேதான். இந்த யோசனையை இரவல் கொடுத்தது யார் என்று கேட்டாள். என்னுடையதுதான் என்றேன். அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

விருதுநகர் பஜாருக்குள் காலை நேரத்தில் போனால் முதலில் தும்மல் வரும். வத்தல் மூட்டை இறங்குகிற நேரம். நானும் தும்மினேன், ஆட்டோவை ஓட்டி வந்த மாப்பிள்ளையும் தும்மினான். மதினி மட்டும் சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைகடையாக விலை கேட்டுக்கொண்டிருந்தார். நாலு வீட்டுக் காசையும் என் கையில் கொடுத்துத் தனியாக அனுப்ப மனசு வராமல்தான் அவர் கூட வந்தார் என்பது எனக்குத் தெரியும். அவரும் அதை மறைக்கவில்லை.

பருப்புக் கடையில் கடைக்காரர் குத்தூசியால் மூட்டையைக் குத்தி உள்ளங்கையில் கொஞ்சம் பருப்பைக் கொட்டிக் காட்டினார். நான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், விரலில் தேய்த்துப் பார்த்தேன், மூக்கருகே கொண்டுபோய் எட்டத்திலிருந்தே லேசாக முகர்ந்தேன். கம்பெனியில் மருந்து வந்தால் அப்படித்தான் பார்ப்போம்.

“அண்ணாச்சி, இது திங்கிற சாமான். பயப்படாமப் பாருங்க” என்றார் கடைக்காரர்.

மதினி சிரித்துவிட்டார். ஒரு மூட்டை துவரம் பருப்பு, நாலு வீட்டுக்கு அது தாராளம் என்று பேசி வைத்திருந்தோம். அப்போது கடைக்காரருக்கு போன் வந்தது. அவர் யாரிடமோ, நாளைக்கு லாரி வராவிட்டால் இன்னும் ஏறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எது ஏறும், பருப்பா, வெல்லமா, பெட்ரோலா என்று கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. மதினி முழங்கையை லேசாக இடித்து, இன்னொரு மூட்டை போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

“எதுக்கு? ஒண்ணே மிச்சந்தான்.”

“ஏறப்போகுதாம்.”

“ஏறுனா ஏறிட்டுப் போகுது. நம்ம வாங்கிட்டோம்ல. இனிமே ஏறுனா நமக்கு என்ன கொழுந்தனாரே?”

அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் இரண்டாவது மூட்டை ஏறிவிட்டது. அதன் காசு என்னுடையது என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள், அந்தக் காசு மனைவி சேலைக்கு என்று நான் எடுத்து வைத்திருந்தது என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கே முன்னறை ஒரு குடோன் ஆகிவிட்டது. கம்பெனியில் செய்வது போலத் தரையில் பலகை போட்டு அதன்மேல் மூட்டைகளை ஏற்றினேன். விலை கூடியது பத்திரமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பருப்பு மூட்டைகளையும் சுவரோடு சேர்த்து அடியில் வைத்து, அவற்றைச் சுற்றியும் மேலேயும் அரிசி மூட்டைகளை அடுக்கினேன். எண்ணெய் டின்களை வாசல் பக்கம் வைத்தேன். டிவி அடுப்படிக்குப் போனது. நாங்கள் பின்னறையில் ஃபேன் இல்லாமல் படுத்தோம். சாயங்காலம் சாமிக்கு விளக்கேற்ற மனைவி வந்தபோது, எண்ணெய் டின் இருக்கிறது, சாக்கு இருக்கிறது, தீயை இங்கே கொண்டு வராதே என்று தடுத்தேன். அவள் விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பருப்பு வெடிக்குமாக்கும்?” என்றாள்.

சாமி படமும் அடுப்படிக்குப் போனது.

அதற்கப்புறம்தான் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ எலி. எலி வந்ததா என்றுகூடத் தெரியாது, எலி வரலாம் என்கிற எண்ணம் வந்தது. அது எலியைவிட மோசம். எலிக்குப் பொறி வைக்கலாம். குளித்துக்கொண்டிருக்கும்போது முன்னறையில் சரசரவென்று கேட்கும். ஈரத்தலையோடு ஓடி வந்து பார்த்தால் காலண்டர் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். சிவகாசிப் பக்கம் ஆளுக்கு அரை டஜன் காலண்டர் ஓசியில் வந்துவிடும், எங்கள் முன்னறைச் சுவர் முழுக்க காலண்டர்தான். எல்லாவற்றையும் கழற்றினேன். அப்புறம் சத்தம் இல்லாததே சந்தேகமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவேன். சொந்தக்காரர்கள் வந்தால், இதென்ன இம்புட்டு மூட்டை என்று கேட்பதற்கு முன்னால், இது நாலு வீட்டுச் சாமான் என்று அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அறிவித்துவிடுவேன்.

தீபாவளி அன்றைக்கு என் நிலைமையைக் கேட்காதீர்கள். வருஷம் முழுக்க ஊர் உலகத்துக்குப் பட்டாசு செய்து அனுப்புகிறவன், என் வீட்டு வாசலில் யாரும் ஒரு வெடி போடக்கூடாது என்று ஒரு வாளித் தண்ணீரோடு நின்றேன். ராக்கெட் விடுகிறவர்களைத் தெருவின் அந்தக் கோடிக்கு விரட்டினேன். எங்கள் கம்பெனி ராக்கெட் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? எதிர்வீட்டு மாப்பிள்ளை வேண்டுமென்றே என் காதருகே வந்து, “மாமா, இந்த வருஷம் தீபாவளி உங்க பருப்புக்கா நமக்கா?” என்று கேட்டுவிட்டு, ஒரு சரத்தைக் கொளுத்தித் தெருக்கோடியில் போட்டான்.

தீபாவளி முடிந்தது, கம்பெனியைப் பூட்டினார்கள், மழை பிடித்துக்கொண்டது. மழை என்றதும் எலி என் மனதிலிருந்து வெளியேறி அந்த இடத்தில் ஈரம் வந்து உட்கார்ந்தது. எங்கள் தொழிலில் ஈரத்தைப் போல எதிரி கிடையாது. முன்னறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருந்தது. சுவர் என்றால் மழைக்காலத்தில் சில்லென்றுதான் இருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. மாப்பிள்ளையிடம் போய் அவன் ஆட்டோவுக்குப் போடுகிற தார்ப்பாயைக் கேட்டேன். லோடு இல்லாமல் நின்ற வண்டிக்கு அது தேவைப்படவில்லை, கொடுத்துவிட்டான். மூட்டை அடுக்கை மேலிருந்து கீழே வரைக்கும் தார்ப்பாயால் சுற்றி, பலகைக்கு அடியில் மடித்துச் செருகி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். காற்றுகூட உள்ளே போகாது. அந்தக் கட்டைப் பார்த்துப் பார்த்து ரசித்தேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் மழை விட்டு வெயில் தலைகாட்டியபோது, மதினியும் என் மனைவியும் சேர்ந்து வந்து பருப்பை இறக்கிப் பிரித்து மாடியில் ஒரு வெயில் காயப்போட்டு டின்னில் அடைத்துவிடலாம் என்றார்கள். மூட்டையில் வந்த பருப்பை எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். அதைத் தெரியாதவன் இல்லை நான். ஆனால் பிரித்தால் கை உள்ளே போகும், ஆளுக்கொரு ஆழாக்கு என்று ஆரம்பித்தால் குறைந்துவிடும், சீல் பிரிக்காத சரக்குக்குத்தான் கணக்கு உண்டு என்று ஒரு பிரசங்கம் செய்தேன். பழைய பருப்பு எல்லார் வீட்டிலும் இன்னும் இருக்கிறது, கார்த்திகை பிறக்கட்டும், நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம் என்றேன். உண்மையான காரணம் வேறு. நான் போட்ட கட்டை அவிழ்க்க எனக்கு மனசில்லை.

“வண்டு விழுந்துரும் கொழுந்தனாரே. எம் பிள்ளைகளுக்கு அதுதான் சாப்பாடு” என்றார் மதினி. அதைச் சிரிக்காமல் சொன்னார்.

வண்டு உள்ளே போக வழியில்லை என்று தார்ப்பாயைத் தட்டிக் காட்டினேன். வண்டு ஏற்கெனவே உள்ளே இருந்தால் வெளியே வரவும் வழியில்லை என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

மறுபடி மழை. பத்துப் பதினைந்து நாள் வெயிலையே பார்க்கவில்லை. வீட்டுக்கு வீடு பழைய பருப்பு தீர்ந்துகொண்டு வந்தது. பிரிக்க வேண்டிய நாள் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் மழை விட்டு, புழுக்கம் தாங்க முடியாமல் இருந்தது. மனைவி அடுப்படியில் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல மூட்டையைச் சோதிக்கப் போனேன். கயிற்றை லேசாகத் தளர்த்தி, தார்ப்பாய்க்குள் கையை விட்டு, அரிசி மூட்டைகளுக்கு இடையே நுழைத்து, சுவரோரம் இருந்த பருப்பு மூட்டையைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டேன். சந்தேகமே இல்லை. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. ஒருவித ஈரமான வாடையும் வந்தது. மருந்துக் கலவையில் ஈரம் பட்டால் முதலில் இப்படித்தான், மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே சுட ஆரம்பிக்கும். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதில்லை. அது பருப்பு என்று என் தலைக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தினமும் காலையில் நான் பாடிய பாட்டை என் கால்கள்தான் கவனமாகக் கேட்டிருக்கின்றன போலிருக்கிறது.

அடுப்படிக்கு ஓடி மனைவியைக் கையைப் பிடித்து இழுத்தேன். “சூடாயிருச்சு, வெளிய வா” என்று மட்டும்தான் சொன்னேன். அவள் கரண்டியோடு வந்தாள். வாசலில் நின்று அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். அந்த மூன்று வார்த்தைக்குத் தெருவில் நடந்தது இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் வேறு ஏதோ வருகிறது.

யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு கதவு திறந்தது, இன்னொரு கதவு திறந்தது. மதினி பாதி பின்னிய தலையோடு தன் மகளையும் பேரக்குழந்தையையும் இழுத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை லுங்கியோடு வந்தான், எதிர் வரிசையில் இருந்தவர்களையும் தட்டி எழுப்பி முன்னால் ஓடச் சொல்லிவிட்டுக் கடைசியாக வந்தான். கடைசி வீட்டுப் பெண் ஈரத் துணியைக் கையில் பிழிந்தபடியே ஓடினாள். கூச்சல் இல்லை, அழுகை இல்லை. எல்லாரும் செருப்புகூடப் போடாமல் தண்ணீர் டேங்க் வரைக்கும் போய், அங்கே நின்றுதான் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனியில் ஒத்திகை வைத்தால் பாதிப்பேர் பேசிக்கொண்டே நடப்பார்கள், நான் கத்திக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அத்தனை சுத்தமாக நடந்தது. என் கீழே வேலை செய்கிறவர்களில் பலர் அங்கே இருந்தார்கள். போர்மேனாக நான் பெருமைப்பட வேண்டிய தருணம் அது. ஆனால் அவர்கள் எல்லாரும் என் வீட்டுப் புகைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

புகை வரவில்லை.

போன்கள் அடிக்க ஆரம்பித்தன. யாரோ ஓடுவதை யாரோ பார்த்து யாருக்கோ சொல்லியிருக்கிறார்கள். விஸ்வநத்தத்திலிருந்து என் மச்சினி கூப்பிட்டாள், ஆமத்தூரில் வெடி விபத்தாமே, எந்தக் கம்பெனி, அக்கா எங்கே என்று ஒரே மூச்சில் கேட்டாள். கம்பெனி பூட்டியிருக்கிறது, எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்றேன். அப்புறம் எது என்றாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். மதினி போனிலும் அதே கேள்வி வந்துகொண்டிருந்தது போலிருக்கிறது. அவர் போனைக் கீழே இறக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

“எதுல சூடு? வீட்டுல மருந்து வச்சிருந்தீகளா?”

“இல்ல மதினி.”

“பிறகு?”

“பருப்புல” என்றேன்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். கடைசி வீட்டுப் பெண் கையிலிருந்த ஈரத்துணியை ஒருமுறை உதறினாள். நான் ஈரம், கலவை, உள்சூடு என்று விளக்க ஆரம்பித்தேன். என் குரலைக் கேட்க எனக்கே அலுப்பாக இருந்தது. மதினி நான் சொல்வதைக் காதில் வாங்கவில்லை. என் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு, “எம் பருப்பு உள்ள இருக்கு” என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதைக் கேட்டதும் என் மனைவி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். போகாதே என்று கத்தினேன். அவள் திரும்பக்கூட இல்லை.

“சோறு குழையுது” என்றாள்.

நான் பின்னால் ஓடினேன். என் பின்னால் மதினி, மாப்பிள்ளை, அவர்கள் பின்னால் தெரு. மனைவி முதலில் அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்தாள். பிறகு முன்னறைக்கு வந்து கயிற்றை இழுத்தாள். என் முடிச்சு அவிழவில்லை, நன்றாகப் போட்டிருந்தேன். காய் நறுக்குகிற கத்தியை எடுத்து அறுத்தாள். தார்ப்பாயை விலக்கியதும் குபுக்கென்று ஒரு வெக்கை முகத்தில் அடித்தது. தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. மாப்பிள்ளை அரிசி மூட்டைகளை இறக்கினான். இறக்க இறக்க அடியில் சூடு கூடியது. பருப்பு மூட்டையின் தையலை மனைவி பிரித்தாள்.

உள்ளே பருப்பு நகர்ந்துகொண்டிருந்தது. நான் மிகைப்படுத்தவில்லை. மேல்பரப்பு முழுக்க வண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. மனைவி கையை விட்டு அள்ளினாள். விரலிடுக்கில் பருப்போடு வண்டும் மாவும் கொட்டியது. மாவு வெதுவெதுவென்று இருந்தது. அத்தனை உயிர்கள் காற்றுப் போகாத இடத்தில் நெருக்கியடித்துத் தின்று பெருகினால் அந்த இடம் சுடத்தானே செய்யும். கல்யாண மண்டபம் சுடுவது போல.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. இன்னும் பாதிப்பேருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மதினி மூட்டை பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பருப்பைக் கிளறி, எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று பார்த்தார். அடி வரைக்கும் போயிருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டு ஒன்று அவர் முழங்கை வரைக்கும் ஏறியது, அதைத் தட்டிவிட்டார். பிறகு எழுந்து, என் முகத்தைப் பார்த்தார்.

“ஏன் கொழுந்தனாரே, இம்புட்டு வண்டுக்கும் லைசென்ஸ் வாங்குனீகளா? ஒரு ரூமுல நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நீங்கதான சொல்வீக?”

அதற்கப்புறம் தெரு சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அழ வேண்டியிருக்கும். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் போகிற வழியில் வண்டுக்கு என்னைப் போர்மேன் ஆக்கிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை தன் தார்ப்பாயை மடித்து எடுத்துக்கொண்டு, இனி ஆட்டோவைக் கேளுங்க மாமா, தார்ப்பாயை மட்டும் கேட்காதீக என்றான்.

அன்றைக்குச் சாயங்காலமும் அடுத்த நாட்களிலும் நாலு வீட்டுப் பெண்களும் சொளகை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து புடைத்தார்கள். நான் வண்டைக் கூட்டிப் பெருக்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன், அது மட்டும்தான் எனக்குக் கொடுத்த வேலை. ஒவ்வொரு முறை கொட்டிவிட்டு வரும்போதும், மிச்சம் தேறுமா, எத்தனை வாரத்துக்கு வரும் என்று கேட்டுக்கொண்டே நிற்பேன். ஒரு இடத்தில் உட்காருங்கள் என்று மனைவி சொல்வாள். உட்காருவேன், மறுபடி எழுந்துவிடுவேன். வெயில் வந்தபோது எல்லாவற்றையும் மாடியில் கொட்டிக் காயப்போட்டார்கள். சாயங்காலம் மேகம் கூடியபோது நானே ஓடி ஓடி அள்ளினேன், ஒரு மழைத்துளி விழுந்ததற்கு. அரிசியில் அவ்வளவாக ஒன்றும் இல்லை, வண்டு லேசாகத்தான் பற்றியிருந்தது. எண்ணெய்க்கும் வத்தலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பருப்பில் ஒரு மூட்டை முழுசாகப் போய்விட்டது, அதை மாட்டுக்குப் போட்டோம். இன்னொரு மூட்டையில் பாதிதான் தேறியது, அதை நாலு வீடும் பிரித்துக்கொண்டோம். கம்பெனி பூஜை போட்டுத் திறப்பதற்கு முன்பே அது தீர்ந்துவிட்டது. கடைசி வாரங்களில் பருப்பு மட்டும் தெருமுனைக் கடையில் கடன் சொல்லி வாங்கினோம், நாலு வீட்டுக்கும் சேர்த்து நானே போய்ச் சொன்னேன்.